கையால் மரக் காடை செதுக்குவது எப்படி? முதல்முறை கத்தி பிடிப்பவர்களுக்கான செய்முறை

முதல் பறவையாகக் கிளியையோ மீன்கொத்தியையோ எடுக்காதீர்கள். நீள வாலும் நீள அலகும் கை பழகுவதற்குள் ஒடிந்துவிடும். காடைதான் தோது: உருண்டை உடம்பு, குட்டை வால், குட்டை அலகு. உட்கார்ந்த நிலையில் செதுக்கினால் கால் செய்யும் தொல்லையும் இல்லை. வேலூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டுக் காடை கண்ணுக்கு நிற்காது, காலடியிலிருந்து விர்ரென்று பறந்துவிடும். அதனால் கறிக்கடைக் கூண்டில் இருக்கும் பண்ணைக் காடையைப் பத்து நிமிடம் பாருங்கள். பிரியாணி அப்புறம். கழுத்து தனியாகத் தெரியாமல் தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும், உச்சியிலிருந்து வால்வரை முதுகு ஒரே வளைவாக இறங்கும், வால் நுனி கீழ்நோக்கியே இருக்கும். இந்த மூன்றும் வந்துவிட்டால் இறகு ஒன்றுகூடக் கீறாவிட்டாலும் பார்ப்பவர் "காடை" என்பார்.

எந்த மரம்

தேவை 12 செ.மீ. நீளம், 7 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலமுள்ள ஒரு கட்டை. மரவாடியில் குமிழ் கேளுங்கள். மென்மையானது, காய்ந்தபின் அதிகம் முறுக்காது. வெட்பாலை கிடைத்தால் அதைவிட நல்லது: வெள்ளை நிறம், நெருக்கமான நார். சன்னபட்டணத்துப் பொம்மைகள் செய்வது இந்த மரத்தில்தான். மலைவேம்பும் ஆகும், நார் மட்டும் கொஞ்சம் முரடு.

தேர் செய்ய ஆகும் இலுப்பை கைக்கத்திக்கு ஆகாது. கருவேலமும் புளியும் அப்படியே. வேம்பு வெட்டுவதற்கு எளிதாகத் தோன்றும், ஆனால் அதன் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் எந்தப் பக்கம் வெட்டினாலும் பிய்த்துக்கொண்டு வரும். தேக்கு கத்தி முனையைச் சீக்கிரம் மழுக்கும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய பேக்கிங் பைன் கட்டைகள் கிடைக்கும். அவற்றில் சூட்டு முத்திரையைப் பாருங்கள்: 'எச்.டி.' (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் புகைமருந்து அடித்தது, விட்டுவிடுங்கள். சந்தனத் துண்டு, செம்மரத் துண்டு என்று யாராவது மலிவாக நீட்டினால் தொடவே வேண்டாம். வழக்கு உங்கள் தலையில் விழும்.

கட்டையின் குறுக்கு முகத்தில் வளையங்களின் நட்ட நடு மையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது வேண்டாம். மையம் உள்ளே இருக்கும் கட்டை காயக் காய நடுவிலிருந்து வெளியே பிளக்கும், அதைத் தடுக்க வழியில்லை. பச்சைக் கட்டையானால் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகு பூசி, கோணியில் சுற்றி நிழலில் வையுங்கள். ஈரம் முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் முனைகள் உள்ளேயுள்ள மரத்துக்கு முந்திச் சுருங்கி, வாய் பிளந்துவிடும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது.

கருவிகள்

4 செ.மீ. அலகுள்ள செதுக்குக் கத்தி ஒன்று, நகம்போல் வளைந்த வாயுள்ள 12 மி.மீ. நகவுளி ஒன்று, சிறு ரம்பம், கட்டையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க சி கிளாம்ப், 120, 220, 320 எண் உப்புத்தாள், சாணைக்கல். இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை போடுங்கள், ஆனால் அது குத்தைத் தடுக்காது. கட்டையைத் தொடைமேல் வைத்து ஒருபோதும் வெட்டாதீர்கள். அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

கூர் தீட்டுவதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஷூவின் அடிப்பாகத்துக்கு ஆகும் கெட்டித் தோலைக் கேட்டு வாங்குங்கள். மேல்தோலுக்கான மெத்தென்ற தோல் அமுங்கிக்கொடுத்துக் கத்தி முனையை உருட்டிவிடும். 5 செ.மீ. அகலத்தில் வெட்டி, சொரசொரப்புப் பக்கம் மேலாகப் பலகையில் ஒட்டி, பாலிஷ் போடும் பச்சை மெழுகைத் தேயுங்கள். சாணைக்கல்லில் தீட்டிய கத்தியை இதன்மேல் பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும், பக்கத்துக்கு 15 இழுப்பு. முன்னால் தள்ளினால் தோல் அறுபடும். அரைமணி வேலைக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். கட்டையின் முனையில் குறுக்காக ஒரு சீவு சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் கத்தி தயார், வெள்ளைக் கோடுகள் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அதைத்தான் பலம் போட்டு அழுத்துவோம்.

வரைவதும் அறுப்பதும்

அலகிலிருந்து வாலுக்கு நாரோட்டம் நீளவாக்கில் ஓட வேண்டும். இதில் பிசகினால் பிறகு எந்தத் திறமையும் காப்பாற்றாது. அலகுக்குக் குறுக்கே நார் ஓடினால் லேசாகத் தட்டினாலே பிஸ்கட் மாதிரி முறியும்.

அட்டையில் பக்கத் தோற்றத்தை வரைந்து வெட்டி, கட்டையில் வைத்துப் படி எடுங்கள். தலை உச்சி, முன்முனையிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி, கட்டையின் மேல் விளிம்பைத் தொடட்டும். அலகு நுனி 5.2 செ.மீ. உயரத்தில், வால் நுனி 2.2 செ.மீ. உயரத்தில். பிடரியில் லேசான பள்ளம் போதும். அடியில் 4 செ.மீ. நீளத்துக்குத் தட்டை. கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுங்கள். 6 செ.மீ. கனத்தில் வளைவு ரம்பம் கோணலாக ஓடும், அதனால் நேர் ரம்பத்தால் கோடு வரைக்கும் ஒரு செ.மீ. இடைவெளியில் குறுக்கு வெட்டுகள் போட்டு, நடுவிலிருப்பதை உளியால் தட்டி எடுப்பது சுலபம்.

அடுத்து மேல் தோற்றம். முதல் அறுப்பில் மேல் முகம் போய்விட்டதால் வளைந்த முதுகின்மேல் அலகிலிருந்து வால்வரை ஒரு நடுக்கோடு போடுங்கள். உடம்பு நடுவில் 6 செ.மீ., தலை 2.8, வால் 2. நடுக்கோடு கடைசிவரை அழியக் கூடாது, அழிந்தால் உடனே வரைந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சமமா என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

செதுக்குதல்

முதலில் நான்கு மூலைகளையும் சீவி எட்டுப் பட்டையாக்குங்கள், அப்புறம்தான் உருண்டை. நேரே உருட்டப் போனால் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒட்டிப்போகும். கட்டையைக் கிளாம்பில் பிடித்து நகவுளியால் இதைச் செய்துவிட்டு, பிறகு கையில் எடுங்கள்.

கத்தியின் முதுகில் இடது கட்டைவிரலை வைத்துத் தள்ளி வெட்டுங்கள். அரை செ.மீ.க்கு மேல் ஒரு தள்ளில் போக வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கே கத்தி போக வேண்டும். பிடரிப் பள்ளத்துக்குத் தலைப்பக்கமிருந்து இறங்குங்கள், அடியில் நிறுத்துங்கள், கட்டையைத் திருப்பி முதுகுப்பக்கமிருந்து இறங்குங்கள். பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டில் ஏறினால் அது எதிர்நார்: சிராய் கிளம்பி உடம்பு வரைக்கும் பிளந்துகொண்டு ஓடும். கத்தி திடீரென்று லேசாக உள்ளே போகிறது, 'டிக்' என்று சத்தம் கேட்கிறது என்றால் பிளவு தொடங்கிவிட்டது. உடனே நிறுத்தி எதிர்ப்பக்கமிருந்து சீவுங்கள்.

இறக்கைக்கு, அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, அந்தக் கோட்டின்மேல் கத்தி முனையால் 2 மி.மீ. ஆழத்துக்கு நேராக ஒரு வெட்டு. பிறகு வயிற்றுப் பக்கமிருந்து அந்த வெட்டை நோக்கிச் சாய்வாகச் சீவினால் சீவல் வெட்டில் முடிந்து கழன்று விழும், இறக்கை மேலெழுந்து நிற்கும். நேர்வெட்டு போடாமல் சீவினால் இறக்கையும் சேர்ந்து போகும்.

அலகைக் கடைசி வரை 8 மி.மீ. கனத்தில் விட்டுவையுங்கள். மற்ற வேலை நடக்கும்போது கை அதன்மேல்தான் இடிக்கும். எல்லாம் முடிந்தபின் மெலித்து, நுனியைக் கொஞ்சம் கீழே வளைத்து, நீர்போல் ஓடும் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு ஊறவிடுங்கள். கெட்டிப்படும். ஒடிந்தால் துண்டைத் தேடி எடுத்து ஃபெவிகால் வைத்து டேப்பால் கட்டி ஒரு நாள் விடுங்கள். துண்டு தொலைந்தால் தலையை முழுக்க 3 மி.மீ. பின்னால் தள்ளிச் செதுக்கலாம், காடைக்கு அது தெரியாது.

கண்ணுக்கு 3 மி.மீ. கறுப்புப் பாசிமணி. அலகு தொடங்கும் இடத்திலிருந்து ஒரு செ.மீ. பின்னால், அலகுக் கோட்டுக்குச் சற்று மேலே. இரு பக்கமும் குண்டூசி குத்தி, முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்துச் சரியென்றால் மட்டும் துளையிடுங்கள். ஒரு மி.மீ. ஏறியிறங்கினாலே மாறுகண் ஆகிவிடும்.

அடிப்பாகத்துக்குக் கண்ணாடித் துண்டின்மேல் 120 எண் தாளை விரித்துப் பறவையைத் தேயுங்கள், ஆட்டம் நிற்கும்வரை.

மெருகு

உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. கூர்க்கத்தியின் சீவல் தடங்கள் இறகுபோல வெளிச்சம் வாங்கும், தேய்த்தால் அது போய் சோப்புக்கட்டி ஆகிவிடும். தேய்ப்பதானால் நார்வாக்கிலேயே 120, 220, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு 320.

வெளிர் மரத்தை உளுப்பூச்சி விடாது. ஒரு லிட்டர் சுடுநீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, தூரிகையால் இரண்டு முறை பூசி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் பூசிய பிறகு இது உள்ளே இறங்காது, அதனால் முன்பே செய்ய வேண்டும்.

தேங்காயெண்ணெய் காயவே காயாது, நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காய்ந்து இறுகும். கடையில் கொதிக்கவைத்த வகையைக் கேளுங்கள். மெல்லியதாகப் பூசி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் சேருங்கள்.