குடிசைப் பகுதியைச் சீரமைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

குடிசைப் பகுதி என்றதும் திட்டம் போடுபவர் கண்ணில் முதலில் படுவது தகரக் கூரைதான். பிழைப்பு பக்கத்தில் இருப்பதால்தான் அங்கே குடியேறினார்கள் என்பது கண்ணில் படுவதில்லை.

அதனால் நேரும் பெரிய தவறு, ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி எல்லோரையும் அங்கே அனுப்பிவிடுவது. வாசலில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்த பெண்ணை ஐந்தாவது மாடியில் குடிவைத்தால், கிழிந்த பையைத் தைக்க யார் மாடி ஏறி வருவார்? தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது? பஸ் செலவு வேறு. கடைசியில் பலர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். வீடு கொடுத்தும் இருக்க மாட்டேன் என்கிறார்களே என்று பழியும் அவர்கள் மேல்தான் விழும். வெள்ளமோ நிலச்சரிவோ வரும் இடமென்றால் சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் பக்கத்திலேயே இடம் தேட வேண்டும்.

அடுத்தது கணக்கெடுப்பு. பகல் 11 மணிக்குப் போனால், வேலைக்குப் போனவர் வீடு ‘பூட்டியிருந்தது’ என்று பதிவாகும். ஒரே கதவுக்குள் மூன்று குடும்பம் இருக்கும். வாடகைக்கு இருப்பவர் பெயர் வரவே வராது. சாலையும் விளக்கும் வந்து வாடகை ஏறினால் முதலில் வெளியேறுவதும் அவர்தான். மாலையில் போங்கள். பட்டியலைச் சந்து முனையில் ஒட்டி, விடுபட்டவர்களைச் சேருங்கள்.

வரைபடத்தை முடித்த பிறகு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பு அல்ல. பாகிஸ்தானில் கராச்சியின் ஒரங்கி என்ற குடியிருப்பில் 1980இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சியில் ஒவ்வொரு சந்தும் ஒரு குழு. வீட்டுக் கழிவறையும் சந்துக் கழிவுநீர்க் குழாயும் அந்தச் சந்துக்காரர்கள் தங்கள் காசில் போட்டார்கள். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். இதில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு அரசு கைகழுவிவிடுவதும் நடக்கிறது.

நில உரிமையைத் தனித்தனியாகக் கொடுத்தால், கஷ்டம் வரும்போது ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மன்கொங் என்ற குடிசைப் பகுதிச் சீரமைப்புத் திட்டத்தில் கடன் தனி ஆளுக்குப் போகவில்லை, மக்களின் கூட்டுறவுக்குப் போனது. நிலத்தையும் கூட்டாகவே வாங்கினார்கள் அல்லது குத்தகைக்கு எடுத்தார்கள்.

அப்புறம் பொதுக் கழிப்பறை. மோட்டார் எரிந்தால் யார் காசு? ராத்திரி சாவி யாரிடம்? இதற்குப் பதில் எழுதி வைக்காமல் அடிக்கல் நாட்ட வேண்டாம்.