செல்ஃப் டேப்பை ரீல்ஸ் ஆக்காதீர்கள்

கடலூர்ப் பக்கத்திலிருந்து சினிமா வாய்ப்புத் தேடினால் முன்பெல்லாம் ஒரே வழிதான். விடியற்காலையில் பஸ் ஏறி, நாலு மணி நேரம் கழித்துக் கோயம்பேட்டில் இறங்கி, சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ ஏதாவது ஒரு ஆபீஸ் வாசலில் போட்டோவைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். 2020 ஊரடங்கில் அந்த வாசல்கள் மூடிக்கொண்டன. “டயலாக் அனுப்புறோம், நடிச்சு வீடியோ அனுப்புங்க” என்பது வழக்கமாயிற்று. ஊரடங்கு போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. பல படங்களுக்கும் வெப் சீரிஸ்களுக்கும் விளம்பரங்களுக்கும் முதல் சுற்று இப்போது செல்ஃப் டேப்தான், அதாவது நடிகரே எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோ. அதில் தேறியவர்களைத்தான் நேரில் அழைக்கிறார்கள்.

பஸ் காசு மிச்சம், சரி. ஆனால் ஆபீஸில் கேமராவை வைப்பது, லைட் போடுவது, எதிர் வசனம் படிப்பது எல்லாம் வேறு யாரோ செய்தார்கள். இப்போது அத்தனையும் நடிகர் தலையில். தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, ஆடிஷன் வீடியோவைக் குறும்படமாக எடுப்பது. புதுச்சேரியில் இந்த ஆசை வராமல் இருப்பது கஷ்டம். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் கண்ணெதிரே இருக்கும்போது யார்தான் வீட்டுக்குள் எடுப்பார்கள்? கடலூரில் என்றால் சில்வர் பீச். அங்கே போய் எடுத்தால் போன் மைக்கில் காற்று இரைச்சல்தான் பதிவாகும், வசனம் கேட்காது. பின்னால் போகிறவர் நின்று கேமராவைப் பார்ப்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து பின்னணி இசை சேர்ப்பது, கலர் மாற்றுவது, ஸ்லோ மோஷன் போடுவது. காஸ்டிங் பார்ப்பவருக்கு, அதாவது நடிகர்களைத் தேர்வு செய்பவருக்கு வேண்டியது உங்கள் முகமும் குரலும், அந்தப் பாத்திரத்துக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்பதும் மட்டும்தான். ஃபில்டர் போட்டால் அந்த முகமும் அவருக்குக் கிடைக்காது. வெள்ளை அல்லது வெளிர்நிறச் சுவர், அதிலிருந்து இரண்டடி தள்ளி நீங்கள், போனைப் படுக்கைவாட்டில் வைத்து நெஞ்சு வரை ஃப்ரேம். குறிப்பாக வேறு ஏதாவது கேட்டிருந்தால் ஒழிய இது போதும்.

அடுத்தது நம் பகுதிக்கே உரிய சிக்கல். பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் தெருக்கூத்தில் ஊறியவர்கள் நிறைய. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. அதற்கு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். அவர் 1922இல் மறைந்ததும் இதே புதுச்சேரியில்தான். மேடைப் பயிற்சி உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரலை மூன்றடி தள்ளி இருக்கும் போனிடம் அப்படியே காட்டினால் சத்தம் உடைந்து பதிவாகும், புருவம் ஏறி இறங்குவது பூதாகரமாகத் தெரியும். மேடை அனுபவம் குறையே இல்லை. அந்த மூச்சுக் கட்டுப்பாடு வேறு யாருக்கும் வராது. எதிரில் நிற்பவரிடம் பேசும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்தால் போதும், உள்ளே இருக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டாம்.

அந்த எதிரில் நிற்பவரைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. லைட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, எதிர் வசனம் படிக்கக் கடைசி நிமிடத்தில் தம்பியை இழுத்து வருவார்கள். அவன் ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி வாசிப்பான். இவர் அதற்கு அழ வேண்டும். முடிந்தால் ஒரு நடிகர் நண்பரைக் கூப்பிடுங்கள். அவர் போனை ஒட்டி, லென்ஸின் பக்கத்தில் நிற்கட்டும். மைக்குக்கு அருகில் இருப்பதால் மெதுவாகப் படிக்கட்டும். நீங்கள் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினால் உங்கள் இரண்டு கண்களும் ஃப்ரேமில் தெரியும். லென்ஸை நேராகப் பார்க்க வேண்டியது அறிமுகத்தில் மட்டும்தான்.

அறிமுகத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு திரும்பல். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லாதீர்கள், நேரில் போனால் தெரிந்துவிடும். ஊர் கடலூர் என்றால் கடலூர் என்றே சொல்லுங்கள். கேட்காதபோது சினிமா மதுரைத் தமிழை வரவழைத்துக்கொள்வதும் வேண்டாத வேலை.

சத்தம் விஷயத்தில் எதிரி சீலிங் ஃபேன். அக்னி நட்சத்திரத்தில் அதை நிறுத்துவது கொடுமைதான், ஆனாலும் டேக் ஓடும் நேரம் மட்டும் நிறுத்துங்கள். வெறும் சுவரும் மொசைக் தரையுமான அறை எதிரொலிக்கும். கேமராவில் படாத இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, இன்னொன்றைத் தொங்கவிட்டால் அடங்கும். வெளிச்சத்துக்கு முகத்துக்கு நேரே ஒரு ஜன்னல் போதும், முதுகுக்குப் பின்னால் கூடாது. இரவில் எடுத்தால் சில எல்ஈடி விளக்குகளில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்போடு கேமராவின் வேகம் ஒத்துப்போகாததால் வருவது அது. போன் கேமரா செட்டிங்கில் ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பு) பகுதி இருந்தால் அதை 50க்கு மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் நன்றாக எடுத்துவிட்டு அனுப்புவதில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூகுள் டிரைவ் லிங்க் என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அனுமதியைத் திறந்து, வேறு ஒரு போனில் தட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டு மெயில் போட்டுக் காத்திருக்கும் பொறுமை அங்கே யாருக்கும் இருக்காது. கேமரா தானாக வைத்த எண்ணை மாற்றி, உங்கள் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் ஃபைலுக்கு வையுங்கள். இரண்டு டேக் கேட்டால் இரண்டுதான், ஏழு அல்ல. கொடுத்த வசனத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். வெளிவராத கதை அது.

ஆபீஸ் வாசல் இல்லாமல் போனதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: எதிரில் இருப்பது யார் என்றே தெரியாது. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், நடிகர் சங்க கார்டு எடுத்துத் தருகிறோம் என்று ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடிபி கேட்டாலும் அப்படியே. வீடியோ காலில் ‘லுக் டெஸ்ட்’ என்று சொல்லி உடையைக் குறைக்கச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இல்லாமல் எந்த வீடியோ அழைப்பும் வேண்டாம். பணம் போய்விட்டிருந்தால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பேசிய மெசேஜ்களை அழிக்காதீர்கள், புகார் கொடுக்க அவைதான் வேண்டும்.