பெயரைச் சொல்லாதீர்கள், கேளுங்கள்

கீழே கோவை, ஈரோட்டுப் பக்கமிருந்து கோத்தகிரிக்கு முதல் வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகள், நோயாளிப் பாதுகாப்பு இலக்குகள் ஆறையும் ஒப்பித்துவிடுவார்கள்: ஆளை அடையாளம் காண்பது, தகவல் பரிமாற்றம், ஆபத்தான மருந்துகள், அறுவை சிகிச்சை, தொற்று, கீழே விழாமல் காப்பது. சரி, நல்லதுதான். இரவு 2 மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

முதலில் பெயர். "லட்சுமியம்மாதானே?" என்று கேட்கவே கேட்காதீர்கள். காது மந்தமான பாட்டி எதற்கும் "ம்" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு மருத்துவமனையில், ஒரே வார்டில் இரண்டு லட்சுமி. இருவரும் தலையில் வெள்ளைத் துணி கட்டிய படுகர் பாட்டிகள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு நிமோனியா. நான் பெயரைச் சொல்ல, நிமோனியா பாட்டி தலையாட்டினார். இன்சுலின் ஊசியைப் பார்த்த பிறகுதான் "இது எதுக்கும்மா?" என்றார். அவர் அரைத் தூக்கத்தில் இருந்திருந்தால் நான் குத்தியிருப்பேன்.

அன்றிலிருந்து "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்றுதான் கேட்கிறேன். அவர் சொல்வதைக் கைப்பட்டையில் உள்ள பெயரோடும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடும், அப்புறம் கேஸ் ஷீட்டோடும் ஒப்பிடுவேன். கட்டில் எண்ணை நம்பாதீர்கள். ஜன்னலோரம் குளிர்கிறதென்று அவர்களே இடம் மாறிப் படுத்துக்கொள்வார்கள். ஊர்ப் பெயரும் போதாது, ஒரே ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

நடக்காமல் தப்பியதையும் சம்பவப் பதிவேட்டில் எழுதுங்கள். திட்டு வாங்கினாலும் நான் எழுதினேன். மறுநாளே இரண்டு கேஸ் ஷீட்டிலும் 'ஒரே பெயர், கவனம்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஏறியது. மாதாமாதம் 'பிழை: பூஜ்யம்' என்று அனுப்பும் வார்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இங்கே கிடைக்கும் சிக்னலில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல்லுங்கள். இன்சுலினுக்கு 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால் அது சுழியம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

டிசம்பரில் குழாய்த் தண்ணீரைத் தொடவே யாருக்கும் மனம் வராது. கை அழுக்காக இல்லையென்றால் ஹேண்ட் ரப் (சானிடைசர்) போதும், 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். கையில் ரத்தமோ மலமோ பட்டால் சோப்பும் தண்ணீரும்தான், குளிர் என்ற சாக்கு செல்லாது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 84 என்று குறைவாகக் காட்டுகிறதா? ஆளைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், விரலையும் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் கையைச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் துடைத்து, மறுபடி மாட்டுங்கள். மூச்சு வாங்குகிறவருக்கு மட்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கோவைக்கு அனுப்பும்போது ஆம்புலன்ஸ் ஆக்ஸிஜனைக் கணக்குப் போடாமல் ஏறாதீர்கள். 1,500 லிட்டர் பிடிக்கும் பி டைப் சிலிண்டரில் கேஜ் பாதி காட்டினால் 750 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 150 நிமிடம். போதும்போலத் தெரியும். மூடுபனி இறங்கினால், பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டில் நின்றால், அது போதாது. தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். கூடப் போகும் பிள்ளை கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளியைப் பார்க்க வேண்டியவளே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் கேஜைப் பார்ப்பது?