கடிகாரத்தை விட்டுவிட்டுக் குழந்தையைப் பாருங்கள்: பாலூட்டும் நாட்களை மகிழ்ச்சியோடு கழிக்க ஒரு வழிகாட்டி

முதல் குழந்தை பிறந்தபோது நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். எத்தனை மணிக்குப் பால் கொடுத்தேன், எந்தப் பக்கம் கொடுத்தேன், எத்தனை நிமிடம் குடித்தாள் என்று ஒவ்வொரு முறையும் அதில் எழுதிவைப்பேன். சில மாதங்கள் கழித்து அதைப் புரட்டிப் பார்த்தபோது பக்கம் பக்கமாக எண்கள் இருந்தன; அந்த நேரங்களில் குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்பது அதில் ஒரு வரிகூட இல்லை, என் நினைவிலும் இல்லை. இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்த நாட்கள் இன்றும் கண்முன் நிற்கின்றன என்றால், அந்த முறை நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்ததுதான் காரணம். குழந்தைக்குப் பசிக்கிறதா, பால் இறங்குகிறதா, வயிறு நிறைந்துவிட்டதா என்று அறிய எவற்றைக் கவனிக்க வேண்டுமோ, அவையேதான் தாய்க்கு மகிழ்ச்சியைத் தருபவையாகவும் இருக்கின்றன என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அந்தக் கவனிப்பைப் பழகிக்கொள்வது எப்படி என்பதையே புதிதாகத் தாயானவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் வலி தீர வேண்டும்

காம்பு புண்ணாகி எரியும்போது எந்தத் தாயாலும் குழந்தையின் முகத்தை ரசிக்க முடியாது. ஆகவே மகிழ்ச்சிக்கான முதல் வேலை, உட்காரும் முறையைச் சரிசெய்வதுதான். முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கட்டும். தோள்கள் தளர்ந்து கீழே இறங்கியிருக்கட்டும். குடிக்கத் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல், குழந்தையைத் தூக்கி மார்பிடம் கொண்டுவாருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். அதன் காதும் தோளும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பது அதற்கும் சிரமம், உங்களுக்கும் வலி.

மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி வைத்துக்கொண்டு, காம்பால் மேலுதட்டை மெல்லத் தொட்டால் குழந்தை வாயைத் திறக்கும். கொஞ்சமாகத் திறந்ததும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கொட்டாவி விடுவதுபோல் வாய் அகலமாகத் திறக்கும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் முதுகையும் தோளையும் தாங்கி, தாடை முதலில் மார்பில் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள். பிடிப்பு சரியாக இருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருமையான பகுதி கீழுதட்டுக்குக் கீழே தெரிவதைவிட மேலுதட்டுக்கு மேலே அதிகமாகத் தெரியும். தொடங்கும்போது சில நொடிகள் இழுப்பதுபோல் இருப்பது வழக்கம்தான். குடிக்கும் நேரம் முழுவதும் வலித்தால், சுண்டு விரலை வாயின் ஓரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள். பத்து முறை ஆனாலும் பரவாயில்லை. பொறுத்துக்கொள்வதுதான் தாய்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெடிப்பும் இரத்தமும் வருகிற அளவுக்கு வலித்தால், பாலூட்டல் ஆலோசகரையோ செவிலியரையோ அருகில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் சில நாட்கள்

பிறந்து 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. துடைத்த குழந்தையை உடையில்லாமல் தாயின் வெறும் நெஞ்சின்மேல் கிடத்திப் போர்த்திவிட்டால், சிறிது நேரம் அசையாமல் கிடந்துவிட்டு, மெல்லத் தலையைத் தூக்கி, கால்களால் உந்தி, வாசனையைப் பிடித்து மார்பைத் தேடத் தொடங்கும். பிறந்து சில நிமிடங்களே ஆன உயிர் தன் வழியைத் தானே கண்டுபிடிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். அறுவை சிகிச்சையாலோ வேறு காரணத்தாலோ அந்த ஒரு மணி நேரம் கிடைக்காமல் போனவர்கள் வருந்த வேண்டியதில்லை. இதே போல் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்வதை மறுநாளும் அடுத்த வாரமும் செய்யலாம், பலனும் உண்டு.

முதலில் சுரக்கும் சீம்பால் மஞ்சளாகவும் கெட்டியாகவும் மிகக் குறைவாகவும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பால் இல்லையே என்று கலங்கும் தாய்மார்கள் ஏராளம். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தைக்குத் தேவைப்படுவதே ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவுதான். நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த அந்தச் சில துளிகள் போதும். 2 முதல் 5 நாட்களுக்குள் பால் பெருகி மார்பு கனக்கத் தொடங்கும். அந்த நாட்களில் அடிக்கடி கொடுப்பது பால் கட்டிக்கொள்ளாமலும் காக்கும்.

அழுகைக்கு முன்னால் வரும் பேச்சு

பசித்தால் குழந்தை அழும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அழுகை கடைசியாக வரும் அடையாளம். அதற்கு முன்பே மூடிய இமைகளுக்குள் விழிகள் அசையும், உதடுகள் சப்புக்கொட்டும், நாக்கு எட்டிப் பார்க்கும், தலை இருபுறமும் திரும்பித் தேடும், கை வாயை நோக்கிப் போகும். இவற்றைப் பார்த்த உடனே எடுத்து அணைத்துக்கொண்டால், வீறிட்டு அழுது களைத்த பிறகு கொடுப்பதைவிட எளிதாகப் பிடித்துக்கொள்ளும். இதைப் பழக ஒரே வழி, தூங்கும் குழந்தையின் அருகில் சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான். நான்கைந்து நாட்களில் உங்கள் குழந்தையின் தனி வழக்கம் உங்களுக்குப் பிடிபடும். என் இரண்டாவது மகள் அழுவதற்குச் சரியாக முன்னால் புருவத்தை மட்டும் உயர்த்துவாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத அந்த அடையாளம் எனக்குத் தெரிந்திருந்தது என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது வழக்கம். இடைவெளிகள் சீராக இருக்காது. மாலை நேரங்களில் விட்டுவிட்டுத் தொடர்ந்து கேட்பதும், 3 வாரம், 6 வாரம் போன்ற கட்டங்களில் திடீரென்று அதிகமாகக் கேட்பதும் பால் குறைந்துவிட்டதன் அடையாளமல்ல. மார்பு எவ்வளவுக்குக் காலியாகிறதோ அவ்வளவுக்குச் சுரக்கும் என்பதால், கேட்கும்போதெல்லாம் கொடுப்பதே சுரப்பைக் கூட்டும் வழி.

குடிக்கும்போது எதைப் பார்ப்பது

பிறந்த குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்பில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ அதே தூரம். ஆகவே அது விழித்துப் பார்க்கும்போது உங்கள் முகம் அங்கே இருக்கட்டும். நடு இரவில் தூக்கத்தை விரட்டக் கைப்பேசியைப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பகலில் இரண்டொரு முறையாவது அதை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் குழந்தை விரைவாகவும் மேலோட்டமாகவும் உறிஞ்சும். ஓரிரு நிமிடத்தில், ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்து பால் இறங்கியதும், அந்த வேகம் மாறும்: தாடை ஆழமாக இறங்கும், ஒரு கணம் நிற்கும், பிறகு விழுங்கும் மெல்லிய ஒலி கேட்கும். இந்தத் தாளம் நீடிக்கும்வரை குழந்தை நன்றாகக் குடிக்கிறது என்று பொருள். சில தாய்மார்களுக்குப் பால் இறங்கும்போது மார்பில் ஊசி குத்துவதுபோல் குறுகுறுக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது, இரண்டும் இயல்பே. அந்த நேரத்தில் குழந்தையின் கையைப் பாருங்கள். பசியோடு வந்தபோது கன்னத்தின் அருகே இறுக மூடிய முட்டியாக இருந்த கை, வயிறு நிறைய நிறையத் தளரும். முதலில் கட்டைவிரல் வெளியே வரும், பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரியும், கடைசியில் உள்ளங்கை முழுவதும் விரிந்து உங்கள் மார்பின்மேல் எடையே இல்லாமல் கிடக்கும். அதன் பிறகு வாய் தானாகவே விடும். உதட்டின் ஓரத்தில் ஒரு துளி பால் தேங்கி நிற்கும். எத்தனை நிமிடம் குடித்தது என்ற கேள்விக்கு அந்த விரிந்த கைதான் பதில்.

எண்ண வேண்டியதை மட்டும் எண்ணுங்கள். 5ஆம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் 6 முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா என்றும், பிறந்தவுடன் சற்றுக் குறையும் எடை 2 வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டதா என்றும் பார்த்தால் போதும். அப்படி இல்லையென்றாலும், குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலும், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏறத்தாழ 6 வாரத்திலிருந்து 2 மாதத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வரும். குடித்துக்கொண்டிருக்கும்போதே உங்களைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் காம்பை விட்டுவிட்டு, வாயில் இருந்த பாலெல்லாம் கழுத்தில் வழிய வழியச் சிரிக்கும். உடை நனைகிறதே என்று அப்போது துணியைத் தேடி எழுந்துவிடாதீர்கள்.

மகிழ்ச்சி வராத நாட்களில்

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 2 வாரங்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பலருக்கும் நேர்வதே. பால் இறங்கும் அந்த ஓரிரு நிமிடம் மட்டும் சட்டென்று மனம் கனத்துப் பிறகு தெளிந்துவிடுவதும் சிலருக்கு உண்டு. அது உடலில் நிகழும் ஹார்மோன் மாற்றத்தோடு தொடர்புடையது, குழந்தைமேல் அன்பில்லை என்பதற்கான அடையாளமல்ல. ஆனால் சோகம் 2 வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், தூங்க நேரம் கிடைத்தும் தூங்க முடியாவிட்டால், குழந்தைக்கோ உங்களுக்கோ தீங்கு செய்யும் எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, அன்றே நெருங்கியவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அதற்கும் மருத்துவம் தேவை. பெரும்பாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிராது.

இரவில் விளக்கை மங்கலாக வைத்து, பேச்சைக் குறைத்து, சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில் அதிகமாக இருப்பதால் அந்த வேளைகளைத் தவிர்ப்பது நல்லதல்ல. கண் சொருகும்போது சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு உட்கார்ந்திருப்பது ஆபத்து; தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் குழந்தையை அதன் படுக்கையில் கிடத்துங்கள், அல்லது இன்னொருவரிடம் கொடுங்கள். ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது போன்றவற்றைக் குழந்தையின் தந்தை செய்யட்டும். அவருக்கும் அந்த இன்பத்தில் பங்கு உண்டு.

புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தவர்களுக்கும் மேலே சொன்ன கவனிப்பு பொருந்தும். குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் அணைத்துக்கொண்டு, இடையிடையே நிறுத்தி மூச்சுவிட இடம் கொடுத்து, பாதியில் கையை மாற்றி மறுபக்கமும் ஏந்திக் கொடுங்கள். புட்டியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு எழுந்து போகக் கூடாது. மூடிய கை விரிவதை நீங்களும் பார்ப்பீர்கள்.

வளர்ந்த பிறகு

4 அல்லது 5 மாதத்தில் குழந்தைக்கு உலகம் தெரியத் தொடங்கும். கதவு அசைந்தால் காம்பை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்க்கும். சில நாட்களுக்கு அமைதியான அறையில் கொடுத்துப் பாருங்கள். பல் முளைத்தால் கடிக்குமே என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். உறிஞ்சி விழுங்கும்போது கீழ்ப்பல்லின்மேல் நாக்கு இருப்பதால் கடிக்க முடியாது. கடி வருவது பெரும்பாலும் வயிறு நிறைந்து விளையாட்டு தொடங்கும்போதுதான். தாளம் மாறியவுடன் சுண்டு விரலால் விடுவித்துவிட்டால் போதும்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடக்கத் தொடங்கிய குழந்தைக்குப் பால் கொடுப்பது வேறு விதமான இன்பம். அது இப்போது கேட்கும். பாலுக்குத் தானே ஒரு பெயர் வைக்கும். விழுந்து முட்டியில் அடிபட்டால் ஓடிவந்து இரண்டு வாய் குடித்துவிட்டு, கண்ணீர் காயும் முன்பே மறுபடி ஓடும். மடியில் தலைகீழாக நின்றபடியும் குடிக்கப் பார்க்கும். என் மகள் ஒருநாள் தன் பொம்மையைத் தன் சட்டைக்குள் நுழைத்து, என் குரலிலேயே, “வாயை நல்லாத் தொறடா செல்லம்” என்றாள்; நான் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. இந்த வயதில் எல்லை வகுப்பதும் உங்கள் உரிமை: இந்தப் பாட்டு முடியும்வரை, வீட்டுக்குப் போன பிறகு என்று சொல்லிப் பழக்கலாம். கைக்குழந்தைக்குக் கொடுக்கும்போது மூத்த குழந்தை ஏங்கினால், அந்த நேரத்தில் மட்டும் திறக்கும் ஒரு கூடையில் இரண்டு படப் புத்தகங்களும் சில பொம்மைகளும் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பால்மறக்கச் செய்யும் காலம் வரும்போது ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மார்பும் கட்டிக்கொள்ளும், குழந்தையும் திகைத்துப்போகும். குழந்தை அதிகம் தேடாத பகல் வேளை ஒன்றை முதலில் விடுங்கள்; சில நாட்கள் பொறுத்து அடுத்ததை விடுங்கள்; மார்பு கனத்தால் சுமை தீரும் அளவுக்கு மட்டும் பீச்சிவிடுங்கள். தூங்கப்போகும் வேளைப் பாலைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். அதையும் விடும் இரவில், எப்போதும் உட்காரும் அதே இடத்தில், அதே மடியில் படுக்கவைத்து, பாலுக்குப் பதிலாக ஒரு கதை சொல்லுங்கள். கை வழக்கம்போல் உங்கள் மார்பின்மேல் வந்து விழும். அதை எடுத்துவிடாமல், அது விரியும்வரை கதையை நீட்டிக்கொண்டு போங்கள்.