கார் இல்லாமல் வாழ ஒரு கடலோர ஊர்: நான் தேடிய முறை

வெயில் ஊராக இருக்க வேண்டும், கடல் பக்கத்தில் வேண்டும், கார் தேவைப்படக் கூடாது. மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதுதான் கஷ்டம். சுற்றுலாப் படங்களில் கடற்கரையோரம் அழகான சைக்கிள் பாதை தெரியும். ஆனால் பல ஊர்களில் அது கடைக்கோ மருத்துவமனைக்கோ போகாது.

சரி என்று படங்களை விட்டுவிட்டு வரைபடத்துக்குப் போனேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் 'சைக்ளோஎஸ்எம்' என்ற அடுக்கில் சைக்கிள் பாதைகளும் மேடு பள்ளமும் தெரியும். ஊருக்கும் கடலுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓடும் இடங்களை உடனே தள்ளினேன். குறுகிய தெருக்கள் அடிக்கடி வெட்டிக்கொள்ளும் பழைய பகுதி இருந்தால் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நிழல். வெப்பமான ஊரில் நிழல் இல்லாத பாதை மதியத்தில் பயன்படாது. செயற்கைக்கோள் படத்தில் தெருமரங்களைத் தேடினேன். ஸ்பெயினின் வலென்சியா இதில் என்னை மிகவும் கவர்ந்தது. 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய படுகையைப் பூங்காவாக்கினார்கள். மேலே பாலங்களில் வண்டிகள் ஓட, கீழே மரங்களுக்கிடையே நிம்மதியாகச் சைக்கிளில் போகலாம். எத்தனை நல்ல முடிவு!

காற்றையும் பாருங்கள். நிலம் சூடேறியதும் பிற்பகலில் கடலிலிருந்து காற்று வீசும். வேலை முடிந்து கடலை நோக்கித் திரும்புபவருக்கு அது எதிர்காற்று. அதனால் சற்று உள்ளே தள்ளி வீடு பார்த்தேன். உப்புக்காற்றில் சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், சைக்கிளை உள்ளே நிறுத்த இடம் உண்டா என்று கேட்ட பிறகே வாடகைக்குச் சம்மதித்தேன்.