வெகெட்டாரிஷ் என்றால் நம் சைவம் இல்லை: ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங் என்னும் முகவரிப் பதிவை முடித்துவிடுங்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும்; சாவி வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்குங்கள். வரி எண் தபாலில் தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி, பருப்பு, பால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது சாப்பாட்டைப் பற்றி. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் தொடாத வீட்டில் வளர்ந்து இங்கே வருகிறவர்களுக்காக. எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

நான் வந்து சேர்ந்தது ஸ்டுட்கார்ட்டில். அலுவலக கேன்டீனில் முதல் நாளே ஒரு நண்பர் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினார்: "பாருங்க, தினமும் ஒரு வெகெட்டாரிஷ் அயிட்டம் கண்டிப்பா இருக்கும்." வெகெட்டாரிஷ் என்றால் ஜெர்மன் மொழியில் வெஜிடேரியன். எனக்குப் பெரிய நிம்மதி. வியாழக்கிழமைகளில் அநேகமாக கேஸெஷ்பெட்ஸ்லெ வரும். சின்னச் சின்னதாக, மெத்தென்ற மாவுத் துண்டுகள். அவற்றின் மேல் உருகிய சீஸ், அதன் மேல் பொன்னிறமாக வறுத்த வெங்காயம். குளிர்காலத்தில் அதைப் போல வயிற்றுக்கு இதமான சாப்பாடு கிடையாது. ஏழு மாதம் வியாழக்கிழமை தவறாமல் சாப்பிட்டேன்.

அப்புறம் அம்மா வந்தார். மூன்று மாத விசா. வந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைப்பக்கம் ஒரு சின்ன உணவகத்துக்கு அழைத்துப் போனேன். வழக்கம்போல, "வெகெட்டாரிஷா?" என்று கேட்டேன். "ஆமாம்" என்றார் பரிமாறிய பெண்மணி. இரண்டு தட்டு கேஸெஷ்பெட்ஸ்லெ வந்தது. அம்மா முதலில் தயங்கி ஒரு துண்டு எடுத்தார், பிறகு விரும்பியே சாப்பிட்டார். பாதித் தட்டு காலியானதும், "இது என்ன மாவுப்பா? எப்படிப் பிசையறாங்கன்னு அவங்ககிட்ட கேளேன், ஊருக்குப் போனா செஞ்சு பார்க்கலாம்" என்றார்.

கேட்டேன். அந்தப் பெண்மணிக்கு அவ்வளவு சந்தோஷம். கையில் இருந்த தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, மாவை அடிப்பது எப்படி, பலகையில் தடவிக் கத்தியால் மெல்லியதாகச் சீவிக் கொதிநீரில் தள்ளுவது எப்படி என்று கையாலேயே செய்து காட்டினார். "நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, எல்லாம் முடிந்ததும் மேலே இன்னும் ஒன்று. எங்கள் பாட்டி கணக்கு" என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அம்மா புரிந்துகொண்டார்.

"முட்டையா?"

"ஆமாம்மா."

முள்கரண்டியைச் சத்தம் வராமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். தண்ணீர் குடித்தார். "அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. ஆசையா செஞ்சு கொடுத்திருக்காங்க" என்றார். கிளம்பும்போது அந்தப் பெண்மணியைப் பார்த்துக் கைகூப்பி, சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும்வரை வெளியே ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஹைடெல்பெர்க் போனாலும் போடன்சே ஏரிக்குப் போனாலும் டப்பாவில் எலுமிச்சை சாதம்தான். என் மேல் ஒரு சொல் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

திங்கட்கிழமை கேன்டீனுக்குப் போய்ப் பலகை முன்னால் நின்றேன். கேஸெஷ்பெட்ஸ்லெ பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஏ, சி, ஜி' என்று போட்டிருந்தது. கீழே விளக்கம்: ஏ என்றால் கோதுமை வகை, சி என்றால் முட்டை, ஜி என்றால் பால். ஏழு மாதமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார்கள். நமக்குச் சைவம் என்றாலும் மரக்கறி என்றாலும் முட்டை அதில் வராது. இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் முட்டை இருக்க முடியாது, சட்டமே அப்படி. இங்கே அப்படி இல்லை. 2016ல் ஜெர்மன் மாநிலங்களின் நுகர்வோர் துறை அமைச்சர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட விளக்கத்தில் பால், முட்டை, தேன் எல்லாமே வெகெட்டாரிஷ்தான். கேஸெஷ்பெட்ஸ்லெயில் வரும் அந்த மாவுத் துண்டுகளான ஷ்பெட்ஸ்லெயோ இந்தப் பகுதியின் பெருமை. 2012ல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஷ்வேபிஷெ ஷ்பெட்ஸ்லெ' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. இங்குள்ளவர்களைக் கேட்டால், முட்டை இல்லாவிட்டால் அது ஷ்பெட்ஸ்லெயே இல்லை என்பார்கள்.

அதனால் முதல் பாடம்: "வெகெட்டாரிஷா?" என்று கேட்காதீர்கள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "இஹ் எஸ்ஸெ கைன் ஃப்ளைஷ், கைனென் ஃபிஷ் உண்ட் கைனெ ஐயர்." இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம். ஒரு முட்டை 'ஐ', பல முட்டை 'ஐயர்'. ஒரு தடவை கேட்டால் மறக்காது. "சிண்ட் டா ஐயர் ட்ரின்?" என்றால் இதில் முட்டை இருக்கிறதா என்று பொருள். வெட்கப்படாமல் கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் தினமும் கேட்கும் கேள்விதான், யாரும் முகம் சுளிப்பதில்லை. கேன்டீனிலும் பேக்கரியிலும் ஒவ்வாமை விவரம் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. எழுத்துக் குறிகள் மட்டும் இடத்துக்கு இடம் மாறலாம். அங்கேயே இருக்கும் விளக்கத்தைப் பாருங்கள்.

கடையில் வாங்கும்போது முட்டையைக் கண்டுபிடிப்பது சுலபம். பாக்கெட்டின் பின்னால் 'ட்ஸூடாட்டன்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், அதுதான் சேர்மானப் பட்டியல். ஐரோப்பிய விதிப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை அதில் தனித்துத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில், அச்சிட வேண்டும். முட்டை, மீன், பால் அந்த 14ல் உண்டு. 'வெகெட்டாரிஷ்' என்று பெரிதாகப் போட்ட சாசேஜ், கட்லெட் வகைகளை அவசியம் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் அடிப்படையே 'ஹூனர்ஐவைஸ்', அதாவது கோழிமுட்டை வெள்ளைக்கரு.

இங்கே இன்னொரு குழப்பம். 'ஐவைஸ்' என்ற அதே சொல்லுக்குப் புரதம் என்றும் பொருள். சத்து அட்டவணையில் கொழுப்பு, சர்க்கரைக்குப் பக்கத்தில் ஐவைஸ் என்று இருந்தால் அது வெறும் புரதம். என் நண்பர் ஒருவர் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி, மசூர் பருப்பில் முட்டை இருக்கிறது என்று இரண்டு பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சேர்மானப் பட்டியலில் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

முட்டையாவது தடித்த எழுத்தில் இருக்கும். ஜெலட்டீன், பன்றிக்கொழுப்பு, சீஸ் செய்யச் சேர்க்கும் லாப் மூன்றும் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை, அதனால் மெல்லிய எழுத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். ஜெலட்டீன் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஜவ்வு மிட்டாயில் மட்டும் இல்லை, சில பழத் தயிர்களிலும் தயிர் இனிப்புகளிலும் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கிறார்கள். வெறும் தயிர் வாங்கி வீட்டில் பழம் வெட்டிப் போட்டுக்கொள்வதே நல்லது. பன்றிக்கொழுப்புக்கு இங்கே 'ஷ்மால்ஸ்' என்று பெயர். இந்தப் பக்கத்து ப்ரெட்ஸல் மாவில் அதைச் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது தாவரக் கொழுப்பில் செய்கிற பேக்கரிகளும் உண்டு, எனவே "இஸ்ட் டா ஷ்மால்ஸ் ட்ரின்?" என்று கேட்டே வாங்குங்கள். உணவகத்தில் சிவப்பு முட்டைக்கோஸ் கூட்டு, வறுத்த உருளைக்கிழங்கு, காய்கறி சூப் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். முதலாவதில் ஷ்மால்ஸ், இரண்டாவதில் ஷ்பெக் என்னும் பன்றித் துண்டுகள், மூன்றாவதில் இறைச்சி வேகவைத்த சாறு இருக்க வாய்ப்புண்டு. மவுல்டாஷன் என்று ஒன்று வரும், கொழுக்கட்டையைப் போல உள்ளே பூரணம் வைத்தது. பச்சையாகக் கீரை தெரிகிறதே என்று நம்பாதீர்கள், வழக்கமான பூரணத்தில் கீரையோடு இறைச்சியும் உண்டு. காய்கறி மட்டும் வைத்தது கிடைக்கும், அதன் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும்.

லாப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சீஸுக்காகப் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதிதான் அது. சாதாரண சீஸுக்குச் சேர்மானப் பட்டியலே போட வேண்டியதில்லை என்று சட்டம் விலக்குக் கொடுத்திருப்பதால், அந்தச் சொல் பாக்கெட்டில் இல்லாமலேயே இருக்கலாம். இத்தாலியப் பார்மெசானுக்கும் கிரானா பதானோவுக்கும் கன்றின் லாப்தான் போட வேண்டும் என்பது அவற்றின் செய்முறை விதி. பச்சைப் பசேலென்று துளசி வகை இலை அரைத்த பெஸ்டோ பாட்டிலிலும் பெரும்பாலும் இந்தச் சீஸ்களில் ஒன்று இருக்கும். 'மிக்ரோபியெல்லெஸ் லாப்' என்று எழுதியிருந்தால் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, தாராளமாக வாங்கலாம். மஞ்சள் வட்டத்துக்குள் பச்சை 'வி' போட்ட முத்திரை இருந்தாலும் விலங்கு லாப் கிடையாது. ஆனால் அந்த முத்திரைக்குக் கீழே வெகெட்டாரிஷ் என்று இருக்கிறதா, வெகான் (வீகன், அதாவது பால், முட்டைகூட இல்லாதது) என்று இருக்கிறதா பாருங்கள். முதலாவதில் முட்டை வரலாம்.

எனக்கு இப்போது பழகிவிட்ட வழி இதுதான்: தயார் உணவு எதுவாக இருந்தாலும் வெகான் என்று எழுதியதையே எடுக்கிறேன். பாலும் தயிரும் நெய்யும் நான் தனியாகச் சேர்த்துக்கொள்கிறேன். வீகன் உணவு இங்கே சாதாரண பலசரக்குக் கடையிலேயே அலமாரி அலமாரியாக இருக்கிறது. நீங்களே வீகனாக இருந்தால் இந்த ஊர் உங்களுக்கு இன்னும் வசதி. ஓட்ஸ் பால், சோயா பால் என்று தேடினால் மட்டும் கிடைக்காது; 2017ல் ஐரோப்பிய நீதிமன்றம் தாவரப் பானங்களைப் பால் என்று விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்ததால் 'ஹாஃபர்ட்ரிங்க்', 'சோயாட்ரிங்க்' என்றே இருக்கும். பி12 மாத்திரையை விட்டுவிடாதீர்கள், வீகன்களுக்கு அது கட்டாயம் என்று ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கமே சொல்கிறது. வாங்கும்போது கேப்ஸ்யூல் வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேளுங்கள், கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டீன்.

வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், குறிப்பாக வயதானவர்கள், அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் போகும் நான்கைந்து இடங்களில் இதையெல்லாம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்க நேரக் கூடாது.

ஷ்பெட்ஸ்லெயை நான் விடவில்லை. முட்டை இல்லாமல் வீட்டிலேயே செய்கிறேன், அம்மாவுக்கு வீடியோவில் காட்டியும் விட்டேன். "மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். பாதி மைதா, பாதி மெல்லிய ரவை, உப்பு, நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். தண்ணீருக்குப் பதில் காஸ் உள்ள மினரல் வாட்டர் ஊற்றுங்கள், அதுதான் மெத்தென்று வரவைக்கும். கரண்டியிலிருந்து கனமாக, அறுந்து அறுந்து விழும் பதம். கால் மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே சீவிப் போடுங்கள். முதல் தடவை நான் அவசரப்பட்டதில் எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிட்டது. மேலே மிதந்து வந்ததும் அரித்து எடுத்துவிடுங்கள்.