முன்பின் தெரியாத கொழும்புக் கடைக்கு கோல் எடுக்கப் போகிறீர்களா?

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும் வன்னியில் நெல் குவிந்துவிடும். விலையும் விழும். அதற்காக வாசலுக்கு லொறி கொண்டுவருபவர் சொன்னதுதான் விலை என்று இருக்க வேண்டியதில்லை. அரிசியாக்கி விற்கலாம், கடைக்காரருக்கு நீங்களே கோல் எடுக்கலாம்.

பரந்தனில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படித்தான் தொடங்கினான். வெள்ளவத்தையில் ஒரு கடையின் பெயர்ப்பலகையில் பார்த்த நம்பர். அறிமுகம் எதுவும் இல்லை.

"ஐயா, பரந்தனிலிருந்து கதைக்கிறன். மொட்டைக்கறுப்பன் அரிசி பத்து மூட்டை இருக்கு. ஒரு கிலோ சாம்பிள் பஸ்ஸில போட்டு விடட்டே? பிடிச்சால் விலை கதைப்பம்."

முதலாளி சிரித்துவிட்டு, "சரி, அனுப்பு தம்பி" என்றாராம்.

ஊர், பொருள், அளவு மூன்றும் அதில் வந்துவிட்டன, விலை வரவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். கடையில் கூட்டம் நிற்கும் மாலை நேரத்தில் எடுக்காதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். நெல்லாகவே விற்பதென்றால் ஈரப்பதம் கேட்பார்கள். 14 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. சாம்பிளைப் பொறுக்கி அழகாக்காமல், மூட்டைக்குள் கைவிட்டு அள்ளியதையே அனுப்புங்கள்.

அப்புறம், கெட்ட செய்தியையும் முதலில் நீங்களே சொல்லுங்கள். நெல் மழையில் நனைந்த ஒரு போகத்தில், "இந்தமுறை அரிசி உடையும், வேற இடத்தில எடுங்கோ ஐயா" என்று தம்பி சொல்லிவிட்டான். உறவு இறுகியது அதில்தான். இப்போது வீட்டு விசேஷங்களுக்கு இரண்டு பக்கமும் வந்துபோகிறார்கள். விலைப் பேரம் மட்டும் இன்னும் அதே சூடுதான்.